யார் கொடுத்த சீட்டு? கொச்சிக் கடலில் உரிமம் பெற்ற கொள்ளை

1698 ஜனவரி 30. வங்கத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலை, பிரெஞ்சுக் கொடி பறக்கவிட்ட ஒரு போர்க்கப்பல் கொச்சிக்கு அப்பால் மறித்தது. பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின், வெடியுப்பு, இரும்பு என்று பாரம் நிறைய. கப்பலை வாடகைக்குப் பேசியிருந்தவர்கள் ஆர்மீனிய வணிகர்கள். சரக்கில் முகலாய அரசவைப் பிரபு ஒருவருக்கும் பங்கு. கப்பலை நடத்தியவர் ஜான் ரைட் என்ற ஆங்கிலேயர். எதிரே தெரிந்தது பிரெஞ்சுக் கொடி என்பதால் கப்பல்காரர்கள் கைவசமிருந்த பிரெஞ்சு அனுமதிச் சீட்டை எடுத்து நீட்டினார்கள். மறித்தவர் அதற்காகவே காத்திருந்தார். அவர் பெயர் வில்லியம் கிட். பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிப்பதற்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம் முத்திரையிட்டுக் கொடுத்த உரிமம் அவரிடம் இருந்தது. சீட்டை நீட்டிய கணத்தில் இந்தியச் சரக்கு பிரெஞ்சுச் சரக்காகி, பிரெஞ்சுச் சரக்கு கிட்டின் சரக்காகிவிட்டது.

மூன்றாண்டுகள் கழித்து லண்டனில் அவரைக் கடற்கொள்ளையர் என்று தூக்கிலிட்டார்கள். அதற்கு நூறாண்டு முன்னால், 1600இல், இதே கரையின் இன்னொரு கடற்தலைவரான நான்காம் குஞ்ஞாலி மரைக்காயரைக் கோவாவில் தலைவெட்டிக் கொன்றார்கள். அவருக்கும் சூட்டப்பட்ட பெயர் கடற்கொள்ளையர்தான். இரண்டு பேரும் ஓர் அரசரின் ஒப்புதலோடு கடலில் இறங்கியவர்கள். இரண்டு பேரையும் கடைசியில் கைவிட்டது அந்த அரசேதான். மலபார்க் கடலில் யார் கொள்ளையர், யார் போர்வீரர் என்ற நீண்ட விவாதத்தை இந்த இரண்டு மரணங்களுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

உரிமம் பெற்ற கொள்ளை ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். போர் வரும்போது அரசரிடம் போதிய கப்பல் இருக்காது. கப்பல் வைத்திருக்கும் தனியாருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். எதிரி நாட்டுக் கப்பலைப் பிடிக்கலாம். பிடித்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கடல்வழக்கு மன்றத்தில் காட்ட வேண்டும். முறைப்படி பிடித்ததுதான் என்று மன்றம் தீர்ப்பளித்தபின் ஏலம் விடலாம். அரசருக்கு ஒரு பங்கு, முதல் போட்டவர்களுக்கு ஒரு பங்கு, மிச்சம் தலைவனுக்கும் மாலுமிகளுக்கும். சம்பளம் கிடையாது. கிட்டின் ஒப்பந்தத்திலும் கொள்ளை இல்லையேல் கூலி இல்லை என்பதுதான் நிபந்தனை. கஜானாவிலிருந்து காசு போகாத கடற்படை இது. சீட்டு, எதிரி, மன்றம் ஆகிய மூன்றும் பொருந்தி வந்தால் அது சட்டபூர்வமான போர். ஒன்று தவறினாலும் கழுத்துக்குக் கயிறு.

சீட்டு வருவதற்கு முன்

போர்த்துக்கீசியர் வருமுன் மலபார்க் கடல் அமைதிப் பூங்காவாக இருந்தது என்று சொல்வது நமக்குப் பிடித்த கதை. அது உண்மையல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கடந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் நூற்றுக்கும் மேற்பட்ட கொள்ளைக் கப்பல்கள் கிளம்புவதாகவும், அவை வரிசையாகக் கடலை மறித்து நின்று வணிகக் கப்பல்களை வளைப்பதாகவும் எழுதியிருக்கிறார். திசைமாறி ஒதுங்கிய கப்பல் அந்தக் கரையின் அரசருக்குச் சொந்தம் என்ற வழக்கமும் பல இடங்களில் இருந்தது. காகதிய அரசர் கணபதிதேவர் 1244இல் மோட்டுப்பள்ளியில் வெட்டுவித்த சாசனம் அந்த வழக்கத்தைத்தான் கைவிடுகிறது: புயலில் ஒதுங்கிய கப்பல்களை முந்தைய அரசர்கள் பறித்தார்கள், நாங்கள் சுங்கம் மட்டுமே வாங்குவோம் என்கிறது. 1442இல் கோழிக்கோட்டுக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், பிற துறைகளில் ஒதுங்கும் கப்பல் கொள்ளை போகும், கோழிக்கோட்டில் போகாது என்று வியந்தார். கோழிக்கோட்டு அரசரான சாமூதிரியின் துறைமுகம் செழித்ததற்கு அந்த நற்பெயர் ஒரு முக்கியக் காரணம்.

ஆக, கொள்ளை இருந்தது, கொள்ளை கூடாது என்ற அரசியலும் இருந்தது. ஆனால் கடலில் போவதற்கே ஒருவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற எண்ணம் இல்லை. கரைக்கு அரசர் உண்டு; கடலுக்குக் கிடையாது. இந்த நிலையைத்தான் போர்த்துக்கீசியர் மாற்றினார்கள்.

கர்த்தாஸ்

1502இல் இரண்டாம் முறையாக வந்த வாஸ்கோ ட காமா, மெக்காவிலிருந்து யாத்ரீகர்களோடு திரும்பிக்கொண்டிருந்த 'மீரி' என்ற கப்பலைப் பிடித்து, சரக்கை எடுத்துக்கொண்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட உள்ளே இருந்தவர்களோடு எரித்தார். கூட வந்த தோமே லோபஸ் அதை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பயணத்தை ஒட்டித்தான் 'கர்த்தாஸ்' என்ற கடவுச் சீட்டும் புழக்கத்துக்கு வந்தது. கப்பலின் பெயர், நாகுதாவின் (கப்பல் தலைவரின்) பெயர், சுமைத்திறன், ஆயுதம், ஆட்கள், போகும் துறைமுகம் எல்லாம் அதில் இருக்கும். மிளகு போன்ற விலக்கப்பட்ட சரக்கை ஏற்றக் கூடாது, துருக்கியரை ஏற்றக் கூடாது, போர்த்துக்கீசியக் கோட்டையில் நின்று சுங்கம் கட்டிவிட்டுப் போக வேண்டும். சீட்டுக்கான கட்டணம் அற்பம், சுங்கம்தான் வருமானம். சீட்டில்லாத கப்பல் சட்டப்படி பிடிக்கத்தக்கது. பிடித்ததில் போர்த்துக்கல் மன்னருக்கு ஐந்தில் ஒரு பங்கு.

இந்த ஏற்பாட்டைப் பற்றி வரலாற்றாசிரியர் எம்.என். பியர்சன் சொல்வது எளிமையானது: போர்த்துக்கீசியர் விற்ற பாதுகாப்பு, அவர்களே உண்டாக்கிய ஆபத்திலிருந்து பாதுகாப்பு. பேட்டை ரவுடி கடைக்காரரிடம் வாங்கும் மாமூலுக்கு ரசீது அச்சடித்தால் அதுதான் கர்த்தாஸ். ஆனால் மாமூல் கட்டுகிறவருக்கு அதில் ஆதாயமும் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. சீட்டு வைத்திருந்த கொச்சி வணிகருக்குச் சீட்டில்லாத கோழிக்கோட்டுப் போட்டியாளர் மீது ஒரு கை ஓங்கியிருந்தது. கொச்சி அரசர்கள் போர்த்துக்கீசியரோடு ஒட்டிக்கொண்டதற்குச் சாமூதிரி மீதிருந்த பயம் மட்டும் காரணமல்ல.

அந்த நட்பின் தரம் என்ன என்பது முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. 1503இன் தொடக்கத்தில் காமா ஊர் திரும்பும்போது, கொச்சியையும் கண்ணூரையும் காக்கும்படி தன் மாமன் விசென்டே சோட்ரேயிடம் சில கப்பல்களை விட்டுப் போனார். கொச்சி அரசர் தங்களோடு சேர்ந்ததற்காகச் சாமூதிரி படையெடுத்து வரப்போகிறார் என்பது ஊரறிந்த செய்தி. சோட்ரே நிற்கவில்லை. செங்கடல் வாயிலில் அரபு வணிகக் கப்பல்களைப் பிடித்தால் லாபம் அதிகம் என்று கிளம்பிவிட்டார். கொச்சி எரிந்தது, அரசர் வைப்பின் தீவுக்குத் தப்பியோடினார். சோட்ரேயின் ஆட்கள் பிடித்த சரக்கைப் பங்குபோடுவதில் சண்டையிட்டுக்கொண்டார்கள். 1503 மே மாதம் ஓமன் கரைக்கு அப்பால் குரியா முரியா தீவுகளில் புயல் அடித்து, சோட்ரேயின் 'எஸ்மரால்டா' மூழ்கியது, அவரும் இறந்தார். அதன் சிதைவு 1998இல் கண்டுபிடிக்கப்பட்டு, பின்னர் அகழப்பட்டு, 2016இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. காவலுக்கு நின்றவர் அரச அதிகாரி. ஆனால் பிடித்த சரக்கில் பங்கு உண்டு என்ற ஏற்பாடு, அரசக் கப்பலையும் தனியார் கொள்ளைக் கப்பல்போல நடக்க வைத்தது. உரிமம் பெற்ற கொள்ளையின் அடிப்படைக் கோளாறு இதுதான்: கப்பல் ஆபத்து இருக்கும் இடத்தைத் தேடிப் போகாது, சரக்கு இருக்கும் இடத்தைத் தேடிப் போகும்.

கொச்சியின் மட்டாஞ்சேரி அரண்மனைக்கும் இந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு. டச்சு அரண்மனை என்று இன்று அழைக்கப்படும் அந்தக் கட்டடத்தை 1555 வாக்கில் கட்டி அரசர் வீரகேரள வர்மாவுக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்ததால் வந்த மனத்தாங்கலைத் தணிக்கக் கொடுத்த பரிசு அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. டச்சுக்காரர்கள் பின்னால் செப்பனிட்டுப் பெயரைத் தட்டிச் சென்றார்கள்.

சீட்டு வாங்கினால் பாதுகாப்பு நிச்சயமா? அக்பரே செங்கடலுக்குப் போகும் கப்பலுக்குக் கர்த்தாஸ் வாங்கினார். 1613இல் ஜஹாங்கீரின் தாயார் மரியம் உஸ் ஸமானிக்குச் சொந்தமான 'ரஹீமி' கப்பலைச் சூரத்துக்கு அருகே போர்த்துக்கீசியர் பிடித்துச் சென்றபோது அதில் சீட்டு இருந்தது. பேரரசரின் தாயாருக்கே இந்த நிலை. ஜஹாங்கீர் ஆக்ராவில் ஏசு சபையாரின் தேவாலயத்தை மூடச்செய்தும், டாமன் மீது படை அனுப்பியும் பதிலடி கொடுத்தார். கடலில் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

மரைக்காயர்கள்

தமிழ் வாசகர்களுக்கு மரைக்காயர் என்ற பெயர் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் நினைவூட்டும். மலபார் மரைக்காயர்களும் அந்த வலையைச் சேர்ந்தவர்கள்தான். கொச்சியில் நெல் விளைச்சல் குறைவு. அரிசி சோழமண்டலக் கரையிலிருந்து வர வேண்டும். அந்த அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தும், மிளகு திரட்டிக் கொடுத்தும் தொடக்கத்தில் போர்த்துக்கீசியருக்கு உதவியவர்கள் கொச்சியிலிருந்த மரைக்காயர்கள். மமாலி மரைக்காயரும் செரினா மரைக்காயரும் அவர்களில் முக்கியமானவர்கள். சண்டை மதத்தால் மட்டும் தொடங்கவில்லை. கொச்சியில் குடியேறி மணமுடித்துத் தொழில் நடத்திய போர்த்துக்கீசியர் அதே வணிகத்தில் போட்டிக்கு வந்தார்கள்; சீட்டு கொடுப்பவரும் போட்டியாளரும் ஒரே ஆளானபோது மரைக்காயர்களுக்கு இடமில்லாமல் போயிற்று. 1520களில் அவர்களில் ஒரு பிரிவினர் கொச்சியை விட்டுப் பொன்னானிக்குப் போய்ச் சாமூதிரியோடு சேர்ந்தார்கள். குஞ்ஞாலி என்பது சாமூதிரியின் கடற்தலைவர்களுக்கு வழிவழியாக வந்த பெயரானது.

அவர்களுடைய கப்பல்கள் பெரிய பீரங்கிக் கப்பல்கள் அல்ல. துடுப்பும் பாயும் கொண்ட ஒடுக்கமான படகுகள். கழிமுகங்களிலும் காயல்களிலும் மறைந்திருந்து, கோவாவுக்கும் கொச்சிக்கும் இடையே காவலோடு கூட்டமாகப் போகும் வணிகக் கப்பல்களில் பின்தங்கியதை வளைக்கும். ஆழமில்லாத நீரில் பெரிய கப்பல் துரத்த முடியாது. போர் கிழக்குக் கரைக்கும் வந்தது. முத்துக்குளித்துறையின் பரதவர் தலைவர்கள், முஸ்லிம் வணிகர்களோடு நடந்த மோதலில் உதவி கேட்டு 1530களில் போனது கொச்சிக்குத்தான். போர்த்துக்கீசியப் பாதுகாப்புக்கு ஈடாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538இல் இலங்கையில் சீதாவக்கை அரசர் மாயாதுன்னைக்குத் துணையாகப் போன சாமூதிரியின் கப்பற்படையை, மண்டபத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கீசியத் தளபதி மார்த்திம் அஃபோன்சோ த சோசா எதிர்பாராத நேரத்தில் தாக்கி நொறுக்கினார். ராமநாதபுரம் கடற்கரையில் நடந்த அந்தப் போருக்கு நம் பாடநூல்களில் ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது.

மூன்றாம் குஞ்ஞாலி 1570களின் தொடக்கத்தில் சாமூதிரியின் அனுமதியோடு வடகரைக்கு அருகே இரிங்ஙலில், ஆற்று முகத்தில் கோட்டை கட்டினார். சாமூதிரிக்கும் குஞ்ஞாலிக்கும் இடையிலான ஏற்பாடு ஐரோப்பிய உரிமத்துக்கு நெருக்கமானது: பட்டமும் கோட்டைக்கு இடமும் அரசர் தருவார், கப்பலும் ஆட்களும் மரைக்காயருடையவை, பிடித்த சரக்கே வருமானம். அரசருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. 1540இலும் 1584இலும் போர்த்துக்கீசியரோடு சமாதானம் செய்துகொண்டபோது, கடலில் நடப்பவை தன் கைக்கு மீறியவை என்று அவரால் சொல்லிவிட முடிந்தது. இங்கிலாந்தின் எலிசபெத் அரசி ஸ்பெயின் தூதரிடம் தன் கடற்தலைவர் டிரேக்கைப் பற்றிச் சொன்ன சமாதானங்களும் இதே வகைதான். டிரேக்குக்கு நைட் பட்டம் கிடைத்தது. குஞ்ஞாலிக்குக் கிடைத்தது வேறு.

நான்காம் குஞ்ஞாலி தன்னை முஸ்லிம்களின் அரசர், இந்தியக் கடல்களின் அதிபதி என்றெல்லாம் அழைத்துக்கொண்டதாகவும், சாமூதிரியின் யானையின் வாலை வெட்டியதாகவும் போர்த்துக்கீசியர் எழுதிவைத்திருக்கிறார்கள். யானை வால் கதையை எவ்வளவு நம்புவது என்பது வாசகர் விருப்பம். கடற்தலைவர் தனி அரசராக வளர்கிறார் என்ற அச்சம் சாமூதிரிக்கு வந்தது மட்டும் உறுதி. 1597இல் அவர் போர்த்துக்கீசியரோடு கைகோத்தார். 1599இல் நடந்த முற்றுகை படுதோல்வி. அடுத்த ஆண்டு போர்த்துக்கீசியத் தளபதி அந்திரே ஃபுர்தாடோ த மென்டோன்சா கடலிலிருந்தும் சாமூதிரி நிலத்திலிருந்தும் நெருக்கினார்கள். உயிருக்கு உத்தரவாதம் என்ற வாக்குறுதியின்மேல் 1600 மார்ச்சில் குஞ்ஞாலி சாமூதிரியிடம் சரணடைந்தார். அங்கேயே அவரைப் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டார்கள். கோவாவில் வெட்டப்பட்ட அவர் தலையை உப்பிட்டுக் கண்ணூருக்கு அனுப்பி, கம்பத்தில் வைத்துக் காட்டினார்கள்.

வரலாற்றாசிரியர்கள் இவரை எப்படி வகைப்படுத்துவது என்பதில் இரண்டு தலைமுறையாக மல்லுக்கட்டுகிறார்கள். போர்த்துக்கீசிய எழுத்தாளர்களுக்குக் குஞ்ஞாலிகள் கொள்ளையர். அதை ஓ.கே. நம்பியார் தலைகீழாக்கினார், 1955இல் அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே போர்த்துக்கீசியர்தான் கொள்ளையர், இந்தியர்கள் கடலோடிகள். செபாஸ்டியன் பிராங்கே போன்ற அண்மைக்கால ஆய்வாளர்கள் இந்த இரண்டு முத்திரைகளையும் ஒதுக்கிவிட்டு, மலபாரின் கடற்கொள்ளையை வணிகச் சமூகத்தின் ஒரு பகுதியாகவே பார்க்கிறார்கள். அவர்கள் பக்கம் வலுவான சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் பிரார் த லவால், கடலில் ஈவிரக்கமில்லாத இந்தக் கொள்ளையர் கரையில் பண்பான வணிகர்களாக நடந்துகொள்வதைப் பார்த்து அதிசயப்பட்டார்.

நம்பியாரின் தலைகீழாக்கம் அவருடைய காலத்தின் தேவை. ஆனாலும் மட்டாஞ்சேரியில் நின்று பார்த்தால் அது முழுதும் பொருந்தாது. மலபார்ப் படகுகளிடம் சரக்கை இழந்தவர்களில் குஜராத்திகளும் கொச்சிக்காரர்களும் இருந்தார்கள். கொச்சி அரசருடைய பண்டகசாலையில் வேலை பார்த்தவருக்குக் குஞ்ஞாலி விடுதலை வீரராகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; எதிரி அரசரின் உரிமத்தோடு வந்து அரிசியை மறித்தவராகத்தான் தெரிந்திருப்பார்.

ஒரு டச்சு வக்கீலின் வாதம்

1603 பிப்ரவரியில் சிங்கப்பூருக்கு அருகே டச்சுக் கப்பல் தலைவர் யாக்கோப் வான் ஹீம்ஸ்கெர்க் 'சாந்தா கத்தரீனா' என்ற போர்த்துக்கீசியக் கப்பலைப் பிடித்தார். ஆம்ஸ்டர்டாம் கடல்வழக்கு மன்றம் 1604இல் அதை முறையான பிடிப்பு என்றது; சரக்கு முப்பது லட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. டச்சுக் கம்பெனியின் பங்குதாரர்கள் சிலருக்கே அந்தப் பணத்தில் மனச்சாட்சி உறுத்தியது. அவர்களைத் தேற்ற இளம் வக்கீல் ஹியூகோ குரோஷியஸ் எழுதிய நூலின் ஓர் அத்தியாயம்தான், 1609இல் 'சுதந்திரக் கடல்' என்ற பெயரில் வெளிவந்து சர்வதேசச் சட்டத்தின் மூலநூல்களில் ஒன்றானது. கடல் யாருக்கும் சொந்தமில்லை, இந்திய அரசர்கள் இறையாண்மை உள்ளவர்கள், அவர்களோடு வணிகம் செய்ய விடாமல் தடுக்கும் உரிமை போர்த்துக்கீசியருக்கு இல்லை என்பது வாதம். முழுக் கையெழுத்துப் பிரதி 1864இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதன் தலைப்பே கொள்ளைப்பொருள் மீதான உரிமையைப் பற்றியது.

இந்த வாதத்தைச் சாமூதிரி படித்திருந்தால் தன் தரப்பு வக்கீல் என்றே நினைத்திருப்பார். 1604 நவம்பரில் டச்சுக்காரர்கள் அவரோடு ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் 1663 ஜனவரியில் ரைக்லோஃப் வான் கூன்ஸ் கொச்சியைப் பிடித்தபின் நடந்தது வேறு. மிளகுக்கு ஏகபோகம், கப்பலுக்கு டச்சுச் சீட்டு. சீட்டில்லாக் கப்பல் பறிமுதல். சுதந்திரக் கடல் கர்த்தாஸ் கடலாகவே தொடர்ந்தது, எழுத்து மட்டும் டச்சு. கொச்சியைப் பிடித்ததிலும் ஒரு காகிதச் சிக்கல். டச்சுக்காரர்களும் போர்த்துக்கல்லும் 1661 ஆகஸ்டிலேயே ஹேக் நகரில் சமாதானம் கையெழுத்திட்டிருந்தார்கள். உறுதிப்படுத்தலும் அறிவிப்பும் தாமதமாயின. அதற்குள் கோட்டை விழுந்துவிட்டது. திருப்பிக் கொடு என்று போர்த்துக்கல் கேட்டுக்கொண்டே இருந்தது. கொடுக்கவில்லை.

கிட்டின் இரண்டு சீட்டுகள்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வணிகர் மேற்குக் கரையில் நிம்மதியாகக் கப்பல் விட வேண்டுமானால் ஆங்கிலேயர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், போர்த்துக்கீசியர் என்று யார் எதிர்ப்பட்டாலும் காட்ட ஒரு சீட்டு வேண்டியிருந்தது. பல சீட்டுகளைக் கட்டாக வைத்துக்கொண்டு எதிரே வரும் கொடிக்கேற்ப உருவி நீட்டுவது வழக்கமானது. கொடியை மாற்றி ஏமாற்றும் வித்தை இந்த வழக்கத்தின் மறுபாதி. கெடா மெர்ச்சன்ட் மாட்டியது அங்கேதான். கிட்டின் வழக்கைப் பற்றி எழுதும் ஆங்கில நூல்கள் இதை அவருடைய தனிப்பட்ட தந்திரமாகவே சொல்கின்றன. இருநூறு ஆண்டுகளாகக் காகிதத்தால் ஆளப்பட்ட கடலில் மட்டுமே எடுபடக்கூடிய தந்திரம் அது.

கிட்டிடம் இரண்டு ஆணைகள் இருந்தன: 1695 டிசம்பரில் கொடுத்த ஒன்று பிரெஞ்சுக் கப்பல்களைப் பிடிக்க, 1696 ஜனவரியில் கொடுத்த இன்னொன்று கடற்கொள்ளையரைப் பிடிக்க. 34 பீரங்கிகளும் துடுப்புகளும் கொண்ட 'அட்வெஞ்சர் கேலி'க்கு மறைவாக முதல் போட்டவர்களில் பெல்லமாண்ட் பிரபுவும், நாட்டின் தலைமை நீதிப் பொறுப்பிலிருந்த சாமர்ஸும் அடக்கம். மன்னருக்கும் பங்கு உண்டு. கடற்கொள்ளையரைப் பிடிக்க வந்த கிட், 1697 ஆகஸ்டில் மோக்காவிலிருந்து திரும்பிய முகலாய யாத்திரைக் கப்பல்களைச் சுற்றி வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் 'செப்டர்' கப்பலால் விரட்டப்பட்டார். பிறகு கார்வார், லட்சத்தீவு, மலபார்க் கரை என்று அலைந்தார். கூலியில்லாத மாலுமிகள் முணுமுணுக்க, அக்டோபரில் வில்லியம் மூர் என்ற பீரங்கிக்காரரை வாளியால் தலையில் அடித்துக் கொன்றார். நவம்பரில் ஒரு சிறிய கப்பலும் ஜனவரியில் கெடா மெர்ச்சன்ட்டும் அகப்பட்டன. இரண்டிலும் பிரெஞ்சுச் சீட்டு. சரக்கில் ஒரு பகுதியை இங்கேயே கரையோரத்தில் விற்றுக் காசாக்கினார். வாங்கினவர்கள் நம் ஊர் வணிகர்கள்தான். யாருடைய சரக்கு என்று அவர்கள் விசாரித்திருக்கப் போவதில்லை.

செய்தி சூரத்துக்குப் போனதும் முகலாய அதிகாரிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கழுத்தைப் பிடித்தார்கள். 1695இல் ஹென்றி எவ்ரி என்ற ஆங்கிலேயர் ஔரங்கசீப்பின் 'கஞ்ச் ஐ ஸவாய்' கப்பலைச் சூறையாடிய காயம் அப்போது ஆறியிருக்கவில்லை. இந்திய வணிகம் முழுவதையும் காப்பாற்ற ஒருவரைப் பலிகொடுப்பது மலிவு. 1699 ஜூலையில் பாஸ்டனில் கிட்டைக் கைது செய்தவர் அவருக்கு முதல் போட்ட அதே பெல்லமாண்ட். இரண்டு பிரெஞ்சுச் சீட்டுகளையும் கிட் அவரிடம் ஒப்படைத்திருந்தார். அவை லண்டன் போய்ச் சேர்ந்தன. 1701 மே மாத விசாரணையில் மட்டும் கிடைக்கவில்லை. மே 23 அன்று தேம்ஸ் கரையில் தூக்கு. கயிறு ஒருமுறை அறுந்தது, மறுமுறை அறுந்துபோகவில்லை. சீட்டுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன.

சீட்டுகள் கிடைத்திருந்தால் கிட் பிழைத்திருப்பாரா? மூரைக் கொன்ற வழக்கு தனியாக இருந்தது. பிடித்த கப்பலை எந்த மன்றத்துக்கும் கொண்டுபோகாமல் வழியிலேயே விற்றதற்கும் அவரிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் கடற்கொள்ளை என்ற குற்றச்சாட்டுக்கு அவை முக்கியமான மறுப்பு. அவற்றை மன்றத்தில் முன்வைக்காத அரசு, அவரைக் கொள்ளையர் என்று தீர்ப்பதற்கு முன்பே முடிவு செய்திருந்தது. சரணடைந்த குஞ்ஞாலியைச் சாமூதிரி விட்டுக்கொடுத்ததற்கும் இதற்கும் முறையில்தான் வேறுபாடு.

ஆங்கிரேவும் ரிப்போவும்

கொங்கணக் கடலில் மராட்டியரின் கடற்தலைவர் கானோஜி ஆங்கிரே தானே சீட்டு கொடுக்கத் தொடங்கினார். தன் சீட்டில்லாத கப்பலைப் பிடித்தார். ஆங்கிலேயர் அவரைக் கொள்ளையர் என்றார்கள். தாங்கள் இதே தொழிலைச் செய்வது அவர்களுக்கு உறைக்கவில்லை. 1729இல் அவர் இறந்தபின் மகன்களிடையே பூசல். 1756 பிப்ரவரியில் ஆங்கிலேயத் தளபதிகள் வாட்சனும் கிளைவும் ஆங்கிரேக்களின் கோட்டையான விஜயதுர்க்கத்தைப் பிடித்தார்கள். கொள்ளையர் கூட்டை அழித்ததாகப் பெருமை பேசிய அந்தப் படையில், கோட்டையைத் தொடுவதற்கு முன்பே அதிகாரிகள் கூடி, கிடைக்கப்போகும் பொருளில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு எழுதிக்கொண்டார்கள். ஆங்கிரே குடும்பத்தோடு பகைத்து, ஆங்கிலேயரோடு சேர்ந்து போரிட வந்த மராட்டிய அரசுக்குப் பங்கு இல்லை. கிடைத்தது சுமார் பத்து லட்சம் ரூபாய்.

பிரெஞ்சு உரிமக் கொள்ளையருக்குத் தளம் மொரீஷியஸ். 1800 அக்டோபரில் வங்கக் கடலில் தன்னைவிடப் பெரிய 'கென்ட்' கப்பலைப் பிடித்த ராபர்ட் சுர்கூஃப் அவர்களில் புகழ்பெற்றவர். இந்திய வரலாற்றை அவரைவிட அதிகம் அசைத்தவர் ரிப்போ. 1797இல் பழுதான கப்பலோடு மங்களூரில் ஒதுங்கிய இந்தக் கொள்ளைக் கப்பல் தலைவர், மொரீஷியஸ் அரசின் பிரதிநிதியைப் போல ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்துகொண்டார். பிரெஞ்சுப் படை தயாராக இருக்கிறது என்று நம்பிய மைசூர் அரசர் திப்பு, மொரீஷியஸுக்குத் தூதுவர்களை அனுப்பினார். 1798 ஜனவரியில் அங்கிருந்த ஆளுநர் மலார்த்திக், திப்பு உதவி கேட்டதை ஊரறிய அறிவித்துவிட்டார். படை வரவில்லை, ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்கக் காரணம் கிடைத்தது. 1799 மே 4இல் திப்பு வீழ்ந்தார். அதற்கு முன்பே, 1795 அக்டோபரில், கொச்சி டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு வந்திருந்தது.

தடையும் அதன் பின்னும்

1856 ஏப்ரல் 16 அன்று பாரிஸ் பிரகடனம் உரிமம் பெற்ற கொள்ளையை ஒழித்ததாக அறிவித்தது. பிரிட்டன் மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டது, அமெரிக்கா மறுத்தது. பெரிய கடற்படை வைத்திருந்தவருக்கு இனி அது தேவையில்லை, சிறிய கடற்படை வைத்திருந்தவருக்குத் தேவைப்பட்டது. குஞ்ஞாலிக்கும் ஆங்கிரேக்கும் பொருந்திய அதே கணக்கு.

சுதந்திர இந்தியாவின் கடற்படை தன் தளங்களுக்கு 'ஐ.என்.எஸ். குஞ்ஞாலி' என்றும் 'ஐ.என்.எஸ். ஆங்கிரே' என்றும் பெயர் வைத்திருக்கிறது. இரண்டும் மும்பையில். ஐரோப்பிய ஆவணங்களில் கொள்ளையர்களாக எழுதப்பட்ட இருவரின் பெயர் இப்போது அரசாங்க முத்திரையில் இருக்கிறது. போர்க்காலத்தில் பிடிபடும் கப்பலையும் சரக்கையும் விசாரிக்க 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நம்மிடம் உண்டு. கடற்கொள்ளைக்கென்றே தனிச் சட்டம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 2012 பிப்ரவரி 15 அன்று, கேரளக் கரைக்கு அப்பால் 'என்ரிகா லெக்ஸி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கிருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடி விசைப்படகை நோக்கிச் சுட்டார்கள். கடற்கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். இறந்தவர்கள் இரண்டு மீனவர்கள். ஒருவர் கொல்லத்துக்காரர், மற்றவர் கன்னியாகுமரி மாவட்டத்தவர். கப்பலைக் கொச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் எட்டாண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கில், சுட்டது சரியா என்ற கேள்வியைவிட எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிப்பது என்ற கேள்விதான் அதிகம் வாதிடப்பட்டது. 2020இல் ஹேக் நகரிலிருந்து செயல்படும் நடுவர் மன்றத்தின் தீர்ப்பு வந்தது: வீரர்களை விசாரிக்க இந்தியாவுக்கு அதிகாரம் இல்லை, இழப்பீடு பெற உரிமை உண்டு. இத்தாலி பத்துக் கோடி ரூபாய் செலுத்தியபின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கிருந்த வழக்கை முடித்தது. 2022 ஜனவரியில் ரோம் நீதிமன்றமும் தன் விசாரணையைக் கைவிட்டது.